அம்மாவுக்காக வேண்டிக்கொண்டவர்

"எங்கம்மாவ எனக்கும் கொஞ்சம் விட்டுவைங்க ஆன்ட்டி" என்று அன்று தர்காவில் நான் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது... விழுங்கிவிட்டேன்.

விக்டோரியா ஆன்ட்டி போன வாரம் இறந்துவிட்டார். மாரடைப்பு. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீடு.

வியாழக்கிழமையானால் ஆன்ட்டியும் அம்மாவும் பஸ் பிடித்துப் பூந்தமல்லி பக்கம் ஒரு தர்காவுக்குக் கிளம்பிவிடுவார்கள். அம்மா நெற்றியில் குங்குமம், ஆன்ட்டி கழுத்தில் சிலுவை. அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

வீட்டில் அம்மா அதிகம் பேசமாட்டாள். "சாப்பிட்டியா", "லைட்ட அணை"... அவ்வளவுதான். அதே அம்மா எதிர்வீட்டு வாசலில் வாய்விட்டுச் சிரிப்பது என் ஜன்னல்வரை கேட்கும். படிக்கிற புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை லீவு போட்டுவிட்டு நானும் ஒட்டிக்கொண்டேன். பஸ்ஸில் அவர்கள் இருவரும் ஒரு சீட். நான் பின்னால்.

அங்கே போன பிறகுதான் அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு தெரிந்தது. தனக்கென்று எதுவும் கேட்பதில்லை. ஆன்ட்டிக்காக அம்மா கேட்பாள், அம்மாவுக்காக ஆன்ட்டி.

ஆன்ட்டி முக்காடு போட்டுக்கொண்டு, பாவா அடக்கமான இடத்தைச் சுற்றியிருந்த கம்பியைப் பிடித்தபடி, "இன்னா பாவா, எங்கக்கா கேட்டது இன்னும் அப்பிடியே கீதே. கொஞ்சம் பாரு நைனா" என்றார். பக்கத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை.

வெளியே செருப்பு மாட்டும்போது கேட்டேன். "அம்மாவுக்கு அப்படி என்ன வேணுமாம் ஆன்ட்டி?"

"அத்த உங்கம்மாவாண்ட கேளு கண்ணு. பாவாவாண்ட சொல்றதுக்கு மட்டுந்தான் எனக்கு பர்மிஷன்." இருவரும் சிரித்தார்கள். எனக்கு எரிந்தது.

இத்தனைக்கும் ஆன்ட்டி எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. கிறிஸ்துமஸ் கேக்கில் முந்திரி அதிகம் இருக்கும் துண்டு எனக்குத்தான். அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் பொறாமைப்பட்டேன்.

போன வாரம் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அம்மா குனிந்து ஆன்ட்டியின் காதில் ஏதோ சொன்னாள். அதுவும் எனக்குக் கேட்கவில்லை.

நேற்று வியாழக்கிழமை. அம்மாவோடு நான் போனேன். கம்பியைப் பிடித்து ஆன்ட்டிக்காக வேண்டிக்கொண்டு அம்மா நகர்ந்தாள்.

"உனக்காக நான் கேக்கறேம்மா. என்னன்னு மட்டும் சொல்லு."

"வேணாம்டி. அவ இனிமே நேர்லயே கேட்டுக்குவா."

போய் வாருங்கள் ஆன்ட்டி... அம்மாவுக்கு வேண்டியதை மறக்காமல் கேளுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் தன் பையை வைத்தாள். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன்.