ஊதல் கேமின் கடைசித் தட்டு

வெட்டுண்ட தலைமயிர் பின் கழுத்தில் குத்திக்கொண்டிருக்க, அதன்மேல் அப்பிவிட்ட பவுடரின் வாசம் மூக்கில் ஏற, சொறிவதற்குக்கூட ஒரு கையை எடுக்க மனமில்லாமல், இரண்டு கைகளாலும் "ரிமோட்டை" இறுக்கிப் பிடித்தபடி மர வாங்கில் குந்தியிருந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. தண்ணீரூற்றுச் சந்தியில் தகரக் கொட்டில் போட்டுச் சலூன் நடத்திய தவம் அண்ணை, முடி வெட்ட வரும் சின்னப் பெடியள் அழாமல் இருப்பதற்காக, எங்கிருந்தோ ஒரு பழைய கேம் பெட்டியைக் கொண்டுவந்து தொலைக்காட்சியில் பொருத்தியிருந்தார். போர் முடிந்து, நாங்கள் முகாமிலிருந்து ஊர் திரும்பி ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது. மின்சாரம் வரவில்லை. பக்கத்தில் மா அரைக்கும் மில்லின் ஜெனரேட்டரிலிருந்து சலூனுக்கு ஒரு வயர் வந்தது. மில் ஓடும்வரை கேமும் ஓடும். மத்தியானம் மில்லை நிறுத்தினால் திரை இருண்டுவிடும், ஏறிய தட்டெல்லாம் போய்விடும், பிறகு முதலாம் தட்டிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

"தலை குடுத்தவனுக்குத்தான் ரிமோட்" என்பது தவம் அண்ணையின் சட்டம். வெட்டி முடித்தவன் அடுத்த இரண்டு தலை முடியும்வரை விளையாடலாம். அந்தச் சட்டத்தால் எங்கள் ஊர்ப் பெடியளின் தலைகள் வளர வழியில்லாமல் போயின. என் தலையைத் தடவிப் பார்த்து, "என்னடா, முருகனுக்கு நேர்த்தி ஏதும் வச்சிருக்கியோ?" என்று அம்மா கேட்டா. இரண்டாவது ரிமோட் என் அக்காவுக்கு. பெண்பிள்ளைகள் சலூனுக்குள் வருவதில்லை, ஆனால் அக்கா என்னைச் சைக்கிளில் ஏற்றிவந்தவள் என்பதால், "கூட்டிக்கொண்டு வந்ததுக்குக் கூலி" என்று தவம் அண்ணையே அதை அவள் கையில் கொடுத்தார்.

அந்த விளையாட்டை நாங்கள் "ஊதல் கேம்" என்றோம். வெள்ளையாய் உருண்டையாய் ஒன்று, அது நான். இளஞ்சிவப்பில் ஒன்று, அது அக்கா. கொழுக்கட்டை, மோதகம் என்று பெயர் வைத்திருந்தோம். இரண்டும் கன்னத்தை உப்பி ஊதினால், எதிரே வரும் பூதங்கள் குட்டிக்கரணம் போட்டு உருண்டு, தட்டுத் தட்டாய் கீழே விழுந்து, பழங்களாகிவிடும். ஒரு பூதம் வாழைப்பழமாகும், இன்னொன்று அன்னாசியாகும். எங்களுக்கு அதில் பிடித்ததே அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்தத் திரைக்குள் ஒருவரும் செத்துப்போகவில்லை. கொழுக்கட்டை மாட்டிக்கொண்டாலும் கண்ணைச் சுழற்றி, காலை உதறி, மேலேயிருந்து குடை பிடித்துக்கொண்டு திரும்ப வந்து இறங்கும். பூதங்களின் முகத்திலும் வஞ்சகம் இல்லை. மாங்காய் களவெடுத்துப் பிடிபட்ட பெடியளைப்போல முழித்துக்கொண்டுதான் அவை உருண்டன. ஊதும்போது அக்காவின் கன்னமும் தன்பாட்டில் உப்பும். அவளுக்கு அது தெரியாது.

எங்கள் அப்பாவின் ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். பேப்பரைக் கையில் எடுத்து வாசித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அக்கா நான்காம் வகுப்போடு நின்றவள். பிறகு ஓடிக்கொண்டிருந்ததில் பள்ளிக்கூடம் விட்டுப்போயிற்று, திரும்பி வந்தபோது சின்னப்பிள்ளைகளோடு இருக்க வெட்கமென்று போகவில்லை. அதனால் திரையில் எழுத்து வந்தால் சலூன் முழுக்க என்னைத்தான் பார்க்கும். "என்னடா எழுதிக் கிடக்கு?" என்பாள் அக்கா. அது தமிழுமில்லை, இங்கிலீசுமில்லை, ஏதோ சதுரம் சதுரமான எழுத்து. "வாங்கோ, இருங்கோ எண்டு போட்டிருக்கு" என்று கூச்சமில்லாமல் வாசித்துச் சொல்லுவேன். அவள் நம்பினாள். அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

மொத்தம் இருபது தட்டுகள். இருபதாவதில் பானை வயிற்றோடு ஒரு பெரிய பூதம் கதவை மறித்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு ஊதினாலும் அது அசையாது. அதற்குக் கீழே ஒரு மூலையில், ஒரு மண்டையோட்டுப் படம் மின்னிக்கொண்டிருக்கும்.

அந்தக் காலத்தில் மண்டையோடு என்றால் எங்களுக்கு என்னவென்று வன்னியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் வயலுக்குப் போகிற பாதையின் இரு கரையிலும், மிதிவெடி எடுக்கிற ஆட்கள் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளை நட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்து, "தொடாதே, கிட்டப் போகாதே, பெரியாக்களிட்டச் சொல்லு" என்று எங்களைக் கோரசாகச் சொல்லவைத்தார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும், பலகை தாண்டிப் புல்லுக்குப் போன சித்தப்பாவின் பசு ஒருநாள் காலையில் மிதிவெடியில் கால் வைத்து எங்களுக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போயிற்று. ஆகவே கொழுக்கட்டையும் மோதகமும் மண்டையோட்டைச் சுற்றிச் சுற்றித் துள்ளின. நாங்கள் மட்டுமில்லை, ஊர்ப் பெடியள் எல்லாருமே அப்படித்தான். அதைத் தொட்டுப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இருபதாம் தட்டு தாண்ட முடியாத தட்டு என்றே எல்லாரும் முடிவெடுத்திருந்தோம்.

அக்காவுக்குப் பதினெட்டு வயதானபோது வவுனியாவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கேயே தங்கவேண்டும். திங்கட்கிழமை காலை பஸ். அதற்கு முதல் நாள், வெட்ட ஒன்றுமில்லாத என் தலையை நான் தவம் அண்ணையிடம் கொடுத்தேன். "இதில என்னத்தையடா வெட்டுறது, காத்தையோ?" என்று கேட்டுவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து, இரண்டு தரம் கத்தரிக்கோலைச் சும்மா வெட்டிக் காட்டி இறக்கிவிட்டார்.

"அந்தப் பூதத்தின்ர கதவுக்கு அங்கால என்ன இருக்கெண்டு பாக்காமல் நான் போகமாட்டன்" என்றாள் அக்கா. அவ்வளவு பிடிவாதமாக அவள் ஒன்றைக் கேட்டு நான் கண்டதில்லை.

அன்றைக்கு ஒருமுறைகூடத் தவறாமல் இருபதுக்கு வந்தோம். மில் நிற்க அதிக நேரமில்லை. ஊதினோம், ஊதினோம், பூதம் சிரித்துக்கொண்டு நின்றது. கதிரையில் பாதி முகம் நுரையோடு இருந்த பெரியவர்கூடக் கண்ணாடியில் எங்கள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மோதகம் மெல்ல மெல்ல அந்த மூலைக்குப் போவதைக் கண்டேன்.

"அக்கா, மண்டையோடு!"

"தெரியுது."

"வேண்டாமக்கா!" நான் அவளின் கையைப் பிடித்தேன்.

"எடி பிள்ளை, கவனம்" என்றார் பெரியவர், உண்மையாகவே பதறி. தவம் அண்ணையின் கத்தி அந்தரத்தில் நின்றது.

"படம் தானேயடா. விடு" என்று என் கையைத் தட்டிவிட்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு, அக்கா மிதித்தாள்.

என் கால்கள் தன்பாட்டில் வாங்கின்மேல் ஏறிவிட்டன. திரை வெள்ளையாயிற்று. பிறகு பானை வயிற்றுப் பூதம் பட்டென்று உடைந்து, தட்டெல்லாம் நிரம்பி வழிய, பழம், பழம், பழமாகக் கொட்டியது. சலூனே கத்தியது. "நல்லகாலம், கத்தி ஐயாவின்ர தொண்டையில இருக்கேக்க செய்யாமல் விட்டாய்" என்றார் தவம் அண்ணை. கதவு திறந்தது. கொழுக்கட்டையும் மோதகமும் ஒரு முகிலின் மேல் நின்று கையை ஆட்டின. சதுர எழுத்தில் ஏதோ வந்தது. அக்கா என்னிடம் கேட்கவில்லை. பிறகு பழைய பாட்டோடு முதலாம் தட்டு வந்தது.

"அவ்வளவுதானோ?"

"ஓம். திரும்ப முதல்ல இருந்து."

அக்கா ரிமோட்டை என் மடியில் வைத்தாள். "நீ விளையாடு. எனக்கு உடுப்பு அடுக்கவேணும்." சைக்கிளை எனக்கு விட்டுவிட்டு நடந்தே போனாள். மறுநாள் காலை பஸ்ஸில் யன்னல்கரையில் இருந்து கை காட்டினாள்.

அந்தச் சலூன் இப்போது கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் வைத்ததாகிவிட்டது. வாங்கு இல்லை, மா மில்லும் இல்லை. வயல் பாதையில் பலகை நட்ட அடையாளமும் இல்லை. இரு கரையிலும் கச்சான் கடலை போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் தோள் முட்ட இருந்து ஆடும் கேம் பெட்டியைப் பெடியள் கண்டதே இல்லை, ஆளுக்கொரு போன் வைத்திருக்கிறார்கள். நான் பல்கலைக்கழகம் முடித்து, வேலை கிடைத்து, கிளிநொச்சியில் அறையெடுத்து இருக்கிறேன். அக்கா வவுனியாவிலேயே கலியாணம் முடித்து, அதே தொழிற்சாலையில் இப்போது ஒரு வரிசைக்கே பொறுப்பானவள்.

போன மாதம் அவள் என்னைப் பார்க்க வந்து திரும்பும்போது, பஸ் தரிப்பிடத்தில் என் போனில் அந்த விளையாட்டைக் காட்டினேன். ஒருவர் மட்டும் ஆடக்கூடியது. மோதகம் அதில் இல்லை. "அப்ப மாறி மாறி ஆடுவம்" என்றாள். அவள் விழுந்தால் நான், நான் விழுந்தால் அவள். வவுனியா பஸ் வந்து நின்றபோது பன்னிரண்டாம் தட்டில் அவள்தான் நின்றாள், கன்னம் உப்பியிருந்தது.

"அக்கா, பஸ்" என்றேன்.

"போகட்டும், அடுத்ததில போறன்" என்றாள்.