நாலாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்திருந்தவர்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் ஷூ ஃபேக்டரியில் டேபிள் ஒர்க் பார்த்தவள் நான். பசை தடவி, தோலின் ஓரத்தை மடித்து, சுத்தியலால் தட்டுவேன். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஆள் இல்லாமல் மெஷின் ஓடக் கூடாது. டீக்குப் போனாலும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கண் மங்கி நான் வேலையை விட்டு நின்றபோது, ஆம்பூர் பஜாரில் நூருல்லா பாய் பிரவுசிங் சென்டர் திறந்தார். பெருக்கித் துடைக்கவும் வாசலைப் பார்த்துக்கொள்ளவும் என்னை வைத்துக்கொண்டார். ஏ.சி. ரூம்! பசை நாற்றம் இல்லை. கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது.

அன்றைக்கு நாலாம் நம்பர் சிஸ்டத்தில் ஆள் இல்லை, ஸ்கிரீன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு வீணாகிறதே என்று பட்டனை அமுக்கிவிட்டேன். டீ குடித்துவிட்டு ஜெயராஜ் வந்தான். ஃபேக்டரியில் தோல் வெட்டுகிற கிளிக்கிங் செக்‌ஷன்காரன்.

"இன்னாம்மா பண்ணிட்ட? அவன் கேம் ஆடிக்கினு இருந்தான்!" என்று பாய் கத்தினார்.

ஜெயராஜ் சிரித்தான். "வுடுங்க பாய், டேபிள் ஒர்க் புத்தி. ஆயா, இங்க வா. நீ மெஷினத்தான் அணைச்ச. ஆளு உள்ளதான் இருக்கான், பாரு."

திரும்பப் போட்டுக் காட்டினான். ஸ்கிரீனில் ஒரு ஊர், கோட்டை வாசல், சந்தை. சந்தையில் ஒரு ஆள் துணி விரித்து, காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். ஜெயராஜ் உண்டாக்கிய ஆள். அணைத்தது கூடத் தெரியாமல், அதே இடத்தில்.

"கடை விரிச்சி வச்சிட்டா, நான் ஊட்டுக்குப் போனாலும் அவன் உக்காந்துனே இருப்பான். வச்ச சாமான் வித்துப் போச்சின்னா எழுந்து போய்டுவான்."

"அதுவரைக்கும் எங்கப்பா இருக்கான்? இந்தப் பெட்டிக்குள்ளயா?"

"பெட்டில இல்ல. வேற தேசத்துல, கம்பெனியோட கம்ப்யூட்டர்ல."

எனக்கு முதுகு சில்லென்றது. ஏ.சி.யாகவும் இருக்கலாம்.

2. தோல் டோக்கன்

படிப்பில்லாதவள் எந்த சிஸ்டத்தில் யார் என்று எப்படி வைத்துக்கொள்வது? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஃபேக்டரி வேஸ்ட் தோலில் கலருக்கு ஒன்றாக ஆறு துண்டு வெட்டினேன். அதே கலரில் இன்னொரு துண்டை மானிட்டர் மேல் ஒட்டினேன். உள்ளே போகிறவர் கையில் டோக்கன். வெளியே வரும்போது என் டப்பாவில் போட வேண்டும். டோக்கன் திரும்பாதவரை ஆள் உள்ளே இருப்பதாகத்தான் என் கணக்கு. வேலூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் வாத்தியார் இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, சூப்பர் சிஸ்டம்" என்று கைகொடுத்தார். ஒரு வாரம் அந்தக் கையை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

நாலாம் நம்பருக்கு பிரவுன் டோக்கன். வெளிநாட்டு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்து, ஜெயராஜ் கடைசியாக எங்கள் சென்டருக்கு வந்த அன்று, அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டபடியே போய்விட்டான். நான் புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டேன்.

"கணக்குப்படி அவன் இன்னும் உள்ளதாம்மா இருக்கான்" என்று பாய் கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அவன் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே எங்களிடம் வருவாள். போனில் பேசக் காசு ஜாஸ்தி. அதனால் அவன் அங்கேயிருந்து வருவான், இவள் இங்கேயிருந்து போவாள், இரண்டு பேரும் அந்தச் சந்தையில் பார்த்துக்கொள்வார்கள். ஸ்கிரீனில் இரண்டு பொம்மைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இவள் தட்டித் தட்டிச் சிரிப்பாள். துடைக்கிற சாக்கில் நானும் எட்டிப் பார்ப்பேன். கல்யாண வீட்டு ஜன்னலில் பார்க்கிற மாதிரி இருக்கும்.

3. இடது கால்

ஒரு வாரம் அவள் வரவில்லை. ஜெயராஜ் அந்த வெளிநாட்டு ரோட்டில் லாரி மோதி இறந்துவிட்டான் என்று பாய்தான் சொன்னார்.

அடக்கம் முடிந்து பல நாள் கழித்து ஸ்டெல்லா வந்தாள். நாலாம் நம்பர்தான் வேண்டும் என்றாள். பாய் போட்டுக் கொடுத்தார். சந்தையில் அவன் உட்கார்ந்திருந்தான்.

சாவதற்கு முன்னால் கடைசியாக ஆடியபோது கடை விரித்துவிட்டுப் போயிருக்கிறான். துணியின் மேல் ஒரே ஒரு சாமான். இடது கால் ஷூ. அந்த ஆட்டத்தில் இடது வலது தனித்தனியாகச் செய்யலாமாம். தலைக்கு மேலே பலகை. பாய் படித்துச் சொன்னார்: "இடது கால் மட்டும். வலது கால் வைத்திருப்பவர் வந்து வாங்கவும்."

வலது கால் ஷூவை ஆட்டத்தில் முன்பே இவளுக்குக் கொடுத்திருந்தான். செருப்பு ஊர்க்காரன் விளையாட்டு அது. ஒற்றை ஷூவை எவன் வாங்குவான்?

ஸ்டெல்லா மௌஸைத் தொடவில்லை. "வாங்கினா எழுந்து போய்டுவார் இல்ல பாய்?"

பாய் தலையை ஆட்டினார்.

அப்புறம் மூன்று வருஷம், ஞாயிறு தவறாமல் வந்தாள். வலது ஷூவோடு எதிரே நிற்பாள். அந்த ஊரில் பொழுது விடியும், சாயும், மழை பெய்யும். மழை அவன் மேலேயே பெய்யும். நனைய மாட்டான். கண்ணை மட்டும் சிமிட்டுவான். இவள் பக்கம் போனால் அவன் தலை திரும்பும் என்று எனக்குத் தோன்றும். நான் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் தனியாக நாலாம் நம்பரைத் துடைக்கும்போது, ஸ்கிரீன் கறுப்பாக இருந்தாலும், "கொஞ்சம் நகருப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் துணியை வைப்பேன்.

4. கம்பெனி மூடுகிறது

ஆட்டத்துக்கு ஆள் குறைந்தது. ஒருநாள் பாய் ஸ்கிரீனில் வந்த நோட்டீஸைப் படித்தார். கம்பெனி சர்வரை மூடப் போகிறதாம். அடுத்த ஞாயிறுதான் கடைசி.

ஸ்டெல்லா பாயிடம் திரும்பினாள். "எப்டி மூடுவாங்க? காசு குடுத்து கேம் கார்டு கார்டா வாங்கித்தானே ஆடினோம். அவரு செஞ்ச ஷூ, அவரு செஞ்ச ஆளு. எங்களுக்குச் சொந்தம் இல்லையா?"

"இல்லம்மா. முதல்ல சேர்றப்ப பெருசா ஒரு பக்கம் வருமே, 'சம்மதம்'னு தட்டினோமே. எல்லாம் கம்பெனியோடதுன்னு அதுல போட்டிருக்கு. நம்மள ஆட வுட்டாங்க, அவ்ளோதான்."

"நீங்க படிச்சீங்களா பாய்?"

"எவன் படிக்கிறான்?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஃபேக்டரியில் நீட்டின பேப்பரில் எல்லாம் நான் கைநாட்டு வைத்தேன், சரி. படித்தவர்களும் கைநாட்டுதானா!

அவள் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தாள். எங்களோடு ஆடியதற்கு நன்றி என்று பதில் வந்தது. ஆள் எழுதினதில்லை, மெஷின் அனுப்புவது என்றார் பாய். "முன்னல்லாம் சிடி வாங்கினா கையில இருக்கும். இனிமே எல்லாக் கம்பெனியும் இதான் பண்ணுவான். சாமான் தரமாட்டான், உள்ள வர டோக்கன் தான் தருவான். நம்ம அம்மா மாதிரி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் யாரையும் உள்ள வச்சிப் பூட்டிக்கினு போனதில்ல பாய்."

5. கடைசி ஞாயிறு

சந்தை வெறிச்சோடிக் கிடந்தது. எத்தனை கூட்டம் இருந்த ஊர்! காலித் துணிகள் கூட இல்லை. நடுவில் அவன் ஒருவன்.

ஸ்டெல்லா சர்ச் புடவையோடு உட்கார்ந்தாள். வெகு நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். சாயங்காலம் மூடிவிடுவார்கள். நான் பின்னால் நின்றேன்.

"ஆயா, நான் வாங்கலன்னா அவங்க அணைச்சிடுவாங்க. உக்காந்தவரு உக்காந்தபடியே போய்டுவாரு."

"நீதான் எழுப்பணும்மா," என்றேன். "ஆள் இருக்கறப்ப மெஷின அணைக்கக் கூடாது. அந்தத் தப்ப நான் ஒருதபா பண்ணிட்டேன்."

தட்டினாள். துணி மேலிருந்த ஷூ மறைந்தது. பலகை போனது. அவன் எழுந்து நின்றான்.

நின்ற உடனே மறைந்துவிட வேண்டும், அதுதான் ஆட்டத்தின் சட்டம் என்று பாய் பிறகு சொன்னார். அவன் மறையவில்லை. இவளைப் பார்த்துத் திரும்பினான். கோட்டை வாசல் பக்கம் இரண்டு மூன்று அடி வைத்தான். அப்புறம்தான் காணாமல் போனான்.

"நெட் ஸ்லோ" என்றார் பாய்.

இவள் பொம்மை இரண்டு ஷூவும் போட்டுக்கொண்டு, யாருமில்லாத சந்தையில் நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்த ஊரே கறுப்பானது.

வாசலில் ஸ்டெல்லா அன்றைய டோக்கனை என் டப்பாவில் போட்டாள். செருப்பை மாட்டினாள். பிறகு பர்ஸைத் திறந்து இன்னொரு துண்டை எடுத்தாள். பிரவுன். ஓரம் தேய்ந்து, பளபளவென்று. நான் வெட்டியதுதான். சுத்தியல் தட்டின அடையாளம் என் விரலுக்குத் தெரியாதா?

"அவரு துணிப் பெட்டி வந்தப்ப, அதுல சட்டைப் பையில இருந்துச்சி ஆயா. திருப்பிக் குடுத்தா அவரு போய்ட்டாருன்னு ஆயிடும்னு வச்சிக்கினு இருந்தேன்."

நான் வாங்கிக்கொண்டேன். வெளியே போகிற எல்லாரிடமும் சொல்வதைத்தான் அந்தத் துண்டைப் பார்த்துச் சொன்னேன். "டைம் முடிஞ்சிதாப்பா? பாத்துப் போ."

இப்போது சின்னப் பிள்ளைகள் போனிலேயே ஆட்டம் வாங்குகிறார்கள். வாங்குங்கள், நல்லா ஆடுங்கள், எனக்கும் ஒன்று காட்டுங்கள். ஆனால் 'சம்மதம்' என்று தட்டும் முன்னால் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கதவை மூடுகிறவன் உங்களைக் கேட்டுவிட்டு மூட மாட்டான். நீங்கள் எழுப்ப வேண்டியவர் யாராவது உள்ளே இருந்தால், அவன் வருவதற்குள் போய் எழுப்பிவிடுங்கள்.

அந்தக் கடைசி ஞாயிறுக்கு மறுநாள் காலையில் நாலாம் நம்பரைத் துடைக்கப் போனேன். நகரச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமலே துடைத்தேன்.