ஒட்டுக்குக் கீழே வந்த தளிர்

பச்சை ரோஜாத் தண்டைக் கத்தியால் கீறினால் வெள்ளரிப் பிஞ்சைக் கிள்ளியதுபோல ஒரு வாசனை வரும். நான் ஆறாம் வகுப்பில் இருந்த ஆண்டு, ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிறன்று, சூளகிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீட்டின் வாசலில் அதை முதன்முதலாக முகர்ந்தேன்.

அம்மா ரோஜாப் பண்ணையில், பிளாஸ்டிக் கூரை போட்ட "பாலிஹவுஸில்", வேலை செய்தாள். அங்கே கழித்துப் போட்ட காட்டு ரோஜாக் குச்சி ஒன்றைப் பெயிண்ட் டப்பாவில் ஊன்றி வேர்பிடிக்க வைத்திருந்தாள். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மண்ணில் வேரோடி மேலே இருப்பதைத் தாங்கும் இந்த முரட்டுச் செடிதான் "வேர்ச்செடி". அதன் பட்டையைக் கீறி, நல்ல ரோஜாவின் இலைக்கணுவிலிருந்து சீவியெடுத்த மொட்டை, அதாவது "கண்ணை", உள்ளே செருகி நாடாவால் இறுக்கிக் கட்டுவது "ஒட்டு". அன்று வாசலில் அம்மா கட்டியது அதைத்தான். கண் துளிர்த்ததும் அதற்கு மேலிருக்கும் காட்டுக் குச்சியை வெட்டிவிட வேண்டும்.

கார்த்திகையில் கருஞ்சிவப்பாக ஒரு பூ வந்தது. நாளெல்லாம் யார் யார் கல்யாணத்துக்கோ பூ வெட்டியவளுக்கு, தனக்கென்று இருந்தது அந்த ஒரு செடிதான்.

பொங்கலுக்கு ஊத்தங்கரை போய்த் திரும்பியபோது டப்பா காலியாகக் கிடந்தது. செடி, வீட்டுக்காரம்மாவின் முன்வாசல் மண்ணில் நின்றது.

"வாடகைக்கு இருக்கறவங்களுக்கு என்னாத்துக்கும்மா ரோஜா? நாளைக்குக் காலி பண்ணா லாரில ஏத்தினு போவியா?" என்று அவர் சிரித்தார்; வரிசையிலிருந்த மற்ற வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். "உடு, இன்னொரு வூட்டுக்கு எங்க அலையறது" என்று அப்பா முடித்துவிட்டார். அம்மா காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் நடந்ததை எழுதிப் பத்திரப்படுத்தினேன்.

மாசி கடைசியில் ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு தளிர் கிளம்பியது. வெளிர்பச்சைத் தண்டு, காம்புக்கு ஏழு சிற்றிலைகள்; மேலே இருந்த நல்ல ரோஜாவுக்கோ ஐந்துதான். இதை அம்மா "காட்டுத் தளிர்" என்பாள். வேர்ச்செடி தன் சொந்தத் தலையை நீட்டுகிறது என்று பொருள். கண்டவுடன் அடியோடு பிய்த்தெறியாவிட்டால் சத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும்.

வீட்டுக்காரம்மாவோ அதற்குச் சாணிக் கரைசல் ஊற்றினார், டீத்தூள் போட்டார், கொம்பு நட்டுக் கட்டிவிட்டார். "பாரு பாப்பா, உங்கம்மா கைல சவலையா இருந்துச்சி. எங்கைல எப்டி ஓடுது!"

"நல்லா ஓடுதுங்க," என்றேன்.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள்: "கீழ இருந்து வருதே, பாத்தியா?"

"பாத்தேன்."

"சொன்னியா?"

"இல்ல."

"செரி. அரிசி களஞ்சி வெய்யி."

சித்திரையில் வீட்டுக்காரம்மா "கவாத்து" செய்தார். காய்ந்ததையும் நலிந்ததையும் வெட்டிச் செடியைப் புதுப்பிப்பதற்கு அந்தப் பெயர். புதுக்கிளைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அவர் வெட்டியது நல்ல ரோஜாவை. கத்தரிக்கோல் நெருங்கியபோது, வாயைத் திறந்தால் அம்மாவின் செடி பிழைக்கும் என்று தெரிந்தும், அவருடைய வாசலில் அது பூக்க வேண்டாம் என்று நின்றுகொண்டிருந்தேன்.

இன்று அந்த வரிசை வீடுகள் இல்லை; அங்கே லாரிகள் நிற்கின்றன. பண்ணையும் கம்பெனிச் சுவருக்குள் போய்விட்டது. போன மாதம் ஓசூர் பேருந்து நிலையத்தில் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"மூணு வருசம் ஊத்தினேன் பாப்பா, ஒரு பூ வெக்கல. என்னா கொற அதுல?"

உங்களுக்கு மேலே விளக்கியதை அவருக்கும் இரண்டு நிமிடத்தில் விளக்கியிருக்கலாம்.

"தண்ணி பத்தலியோ என்னவோ," என்றேன்.

அவர் நம்பித் தலையாட்டினார்.