டப்பா டீச்சரின் பென்சில் கடை

எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுப்பவளை எல்லோரும் டப்பா டீச்சர் என்றுதான் சொல்வார்கள். மேசைமேல் மூன்று பழைய பால்மாவு டப்பா வைத்திருப்பாள். ஒன்றில் முதல், ஒன்றில் சேமிப்பு, ஒன்றில் கைச்செலவு. பிள்ளைகள் எதையாவது விற்றுச் சம்பாதிக்கிற சில்லறை அந்த மூன்றுக்குள்தான் போகும். அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள் நான். பதினோரு வருஷமாக அவளைப் பார்க்கிறேன். அழகி என்று சொல்ல முடியாது. நடந்தால் செருப்பு ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவாள். ஆனால் பிள்ளைகளிடம் பொய் சொல்ல மாட்டாள்.

அவள் அப்பா நோட்டு, பேனா விற்கிற கடை வைத்திருந்தவர். வியாபாரம் நன்றாகத்தான் போனது. கல்லாவில் கிடப்பதெல்லாம் தன் காசு என்று நினைத்துவிட்டார் மனுஷன். விற்ற காசில் விருந்தாளிக்குச் செலவு, மச்சானுக்குச் சட்டை. சரக்கு எடுக்கப் போனால் கை காலி. இவளுக்கு எட்டு வயசாகும்போது கடைக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது.

"அப்பா கெட்டவர் இல்ல ஆயாம்மா. முதல் எது, லாபம் எதுன்னு அவருக்கு எட்டு வயசுல யாரும் சொல்லித் தரல" என்றாள் ஒரு நாள்.

"என் வீட்டுக்காரருக்கு நாப்பது வயசுல சொல்லிக் குடுத்தும் ஏறலையே!" என்றேன். செத்துப்போனவரை இப்படிப் பேசக்கூடாதாம். உயிரோடு இருந்தபோதும் அவரிடம் இதைத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை இந்தப் பாடத்துக்குக் கேட்டு, மூன்று வருஷம் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றாள். பெரிய சார் கடைசியில், "ஒரு வருஷம் பாப்போம். ஒரு புகார் வந்தாலும் நிறுத்திடுவேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கடை போட்டார்கள். ஒரு கூட்டம் காகிதப் பை செய்தது. ஒரு கூட்டம் கதைப் புத்தகத்தை வாடகைக்கு விட்டது. வாயாடி என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு பெண்ணும் மூன்று பையன்களும் சேர்ந்து, மத்தியான இடைவேளையில் வராந்தாவில் பென்சில் சீவும் கடை போட்டார்கள். முதல், இரண்டு ஷார்ப்னர். ஒரு பென்சிலுக்கு ஒரு காசு. முதல் வாரம் கூட்டம் அலைமோதியது. இரண்டாம் வாரம் எல்லார் பென்சிலும் ஊசி மாதிரி இருந்தது, ஒருத்தரும் வரவில்லை. வாயாடி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வாரம் திடீரென்று மறுபடியும் வரிசை. டப்பா டீச்சர் முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு மட்டும் உறுத்தியது. சீவும்போது முனை ஒடிந்தால் பக்கத்தில் சீவலும் விழும். ஐந்தாம் வகுப்பு பெஞ்சுக்கு அடியில் சீவலே இல்லாமல் வெறும் கருப்பு முனைகள் கிடந்தன. பொறுக்கிப் பார்த்தேன், பதினாலு. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேரே போனேன்.

"டீச்சரம்மா, உங்க புள்ளைங்க கடை எப்படி ஓடுதுன்னு இப்பத்தான் தெரியுது. அதுங்களே போய் அஞ்சாம் வகுப்புப் பசங்க பென்சில் முனைய ஒடிச்சிட்டு வந்து சீவக் கூப்பிடுதுங்க!"

பெரிய சார் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என் நாக்கை இழுத்து வைத்து அறுத்தால்கூடத் தப்பில்லை.

"இதுதான் நீங்க சொல்லித் தர்ற பாடமா டீச்சர்? இன்னையோட நிறுத்திக்குவோம்."

"வெள்ளி வரைக்கும் விடுங்க சார். தப்பும் என் பாடத்துக்குள்ளதான் வருது" என்றாள். 

வகுப்பில் போய்க் கேட்டாள். ஒரு பையன் கொஞ்சமும் கூசாமல், "கஸ்டமர் வரல டீச்சர். அதான் நாங்களே ரெடி பண்ணிக்கிட்டோம்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்து துடைப்பத்தால் வாயை மறைத்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

"உன் செருப்ப ஒருத்தன் அறுத்துட்டு, அவனே தைச்சுக் குடுத்துக் காசு கேட்டா என்ன செய்வ?"

"உதைப்பேன் டீச்சர்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

வாங்கிய காசைத் திருப்பித் தர வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். பாதிக் காசு ஏற்கெனவே மிட்டாயாகிப் போயிருந்தது. டீச்சர் தன் பையைத் தொடவில்லை. "என் காசுல தீத்து வச்சா உங்களுக்கு ஒண்ணும் வலிக்காது" என்று சேமிப்பு டப்பாவை அவர்கள் பக்கம் தள்ளினாள். சேர்த்ததெல்லாம் அன்றைக்கே போனது.

ஐந்தாம் வகுப்புப் பசங்கள் சும்மா விடுவார்களா? "திருட்டுக் கடை! திருட்டுக் கடை!" என்று கத்தினார்கள். வாயாடி மூக்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று சொன்னாள்: "இனிமே எங்க கடையில சீவுன பென்சில் சாயங்காலத்துக்குள்ள ஒடிஞ்சா காசு வாபஸ்!" இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டீச்சரே வாயைப் பிளந்தாள்.

புதன்கிழமை ஈ காக்கை இல்லை. வியாழன் இரண்டு பேர். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அந்த வரிசையின் கடைசியில் பெரிய சார், கையில் தன் சிவப்புப் பென்சிலோடு.

"சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?"

"தாங்கலன்னா காசு வாபஸ் சார். ஆனா நீங்களே ஒடிச்சிட்டு வந்து கேக்கக்கூடாது."

வராந்தாவே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். காசை எண்ணி வைத்துவிட்டுத்தான் போனார்.

மணி அடித்ததும் நான் அவர் அறையைக் கூட்டப் போனேன். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துப் பார்த்தார். முனை இருந்தது. சுவரில் மாட்டியிருந்த அட்டவணைக்குப் போய், வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் அந்தப் பென்சிலாலேயே ஏதோ எழுதினார். எனக்கு எழுத்துத் தெரியாது. டீச்சரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

"'கடை'ன்னு எழுதியிருக்கார் ஆயாம்மா. வருஷக் கடைசி வரைக்கும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஷார்ப்னருக்கு முதல் டப்பாவில் காசு இருக்கிறதா என்று பார்க்க ஓடினாள், செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

இப்போதும் ஐந்தாம் வகுப்பைக் கூட்டும்போது பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்க்கிறேன். முனை கிடந்தால் பக்கத்திலேயே சீவலும் கிடக்கிறது.