கடைசி ரீலை மறைத்த கை

முனிரத்தினம் அண்ணன் போய்விட்டார் என்று அம்பத்தூரிலிருந்து அவர் மகள் போன் செய்தபோது, நான் வழக்கம்போல யாரைப் பற்றியோ புறம் பேசிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அஞ்சலி என்று புரியும்.

அவரைத் தெரிந்தவர்களுக்கோ நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த மனிதர், எண்பதுகளில் திடீரென்று சினிமாத் தயாரிப்பாளர் ஆனார். பின்னால் எந்தக் கம்பெனியும் கிடையாது. "படம் எடுத்துடலாம் நைனா, அத்த கொட்டாய்ல நிக்க வெக்கிறதுதான் பேஜாரு" என்பார். முதல் படத்துக்கு வசனம் நான். போஸ்டரில் என் பெயரைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கு ஒரே பிரிண்ட். பட்டாபிராம் கொட்டகையில் ஓடி முடிந்த ரீல்களைப் பூந்தமல்லிக்குக் கொண்டுபோய் அங்கே ஓட்ட வேண்டும். சுமப்பது வசனகர்த்தாவின் உபரி வேலை. முதல் ஞாயிறு மேட்னிக்குக் கடைசிப் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தால், ரயில்வே கேட்டில் ராணுவச் சரக்கு ரயில் ஒன்று அசையாமல் நிற்கிறது. கேட்மேனைக் கெஞ்சினேன். அவர் நிதானமாக டீ குடித்தார். படம் நடுவில் நின்றால் மாலைக் காட்சிக்கு வேறு படம் என்று பூந்தமல்லி மேனேஜர் காலையிலேயே சொல்லியிருந்தார். அங்கே பாதியில் தூக்கிவிட்ட படத்தை வேறு ஊர்க் கொட்டகைக்காரர்கள் தொடவும் மாட்டார்கள்.

நாற்காலி உடையும் சத்தத்தை எதிர்பார்த்துத்தான் போய்ச் சேர்ந்தேன். உள்ளே நிசப்தம். அது இன்னும் பயமாக இருந்தது. வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று, மிச்சக் கதையை அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். வில்லனாக உறுமினார், கதாநாயகியாக விம்மினார். முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டாள்: "அந்தப் பொண்ணு செத்துடுமா அண்ணாத்தே?"

கொட்டகையே அவர் வாயைப் பார்த்தது.

"சாவாதும்மா. நான் கீறேன்ல."

என் கையிலிருந்த பெட்டிக்குள் அவள் ஒரு பக்க வசனம் பேசிவிட்டுச் செத்துப்போயிருந்தாள்.

ரீல் ஓடத் தொடங்கியதும் அண்ணன் ஆபரேட்டர் அறைக்கு ஏறி வந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடைசிக் காட்சியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கதாநாயகி கண் திறந்தாள். என் வசனம் ஆரம்பிக்க வேண்டிய இடம். அண்ணன் புரொஜெக்டர் லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து மறைத்தார். சத்தத்தை அணைக்கச் சொன்னார். திரை இருண்டது. அறை வாசலில் மேனேஜர் எங்களையே முறைத்துக்கொண்டு நின்றார். கீழே யாரும் அசையவில்லை.

பிறகுதான் கைதட்டல் வந்தது.

என் வசனத்தின் கதி என்ன என்று சண்டைக்குப் போனேன். "ஜனங்களுக்கு வாக்கு குட்த்துட்டேன் நைனா. அவள நீ வேற படத்துல சாவடிச்சிக்கோ" என்றார்.

மாலையிலும் எங்கள் படமே ஓடியது. தொண்ணூறுகளிலும் அவர் விடாமல் படம் எடுத்தார். சில ஓடின, சில வந்த வேகத்தில் பெட்டிக்குத் திரும்பின. எதிலும் கதாநாயகியைச் சாக விடவில்லை.

அன்று மாலைக் காட்சிக்கு முன் அவர் வெட்டியெடுத்த பிலிம் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. அவள் சாவது அதில்தான். இதுவரை யாருக்கும் ஓட்டிக் காட்டியதில்லை.