வடித்த எண்ணெய்

பாக்கியமேரியின் வலது கை காலையில் மடங்குவதில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எப்படியோ ஒன்றையொன்று தொட்டுவிடும். மற்ற மூன்றும் யாருடைய விரல்களோ என்று தள்ளி நிற்கும். வெந்நீரில் வைத்து, தேய்த்து, திட்டி, பத்து மணிக்கு மேல்தான் அவை அவள் பேச்சைக் கேட்கும். அப்புறம்தான் வாழைக்காய் சீவ முடியும். நாலு மணிக்கு பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் அடுப்பு எரிந்தாக வேண்டும். கை மடங்காவிட்டால் பஜ்ஜிக் கடை இல்லை. அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மூட்டு வாதத்தோடு அழற்சியும் இருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். எந்த எண்ணெய், எவ்வளவு என்று பார்த்துச் சாப்பிடச் சொன்னார். ரத்தத்தில் அழற்சியின் அளவு பதினெட்டு, மூன்று மாதத்தில் அது குறையாவிட்டால் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவதாகவும் சொன்னார். அழற்சி என்ற சொல்லை அவள் அதுவரை கேட்டதில்லை. நர்ஸ் தேவயானியிடம் போய் நின்றாள்.

"காயம் பட்டா செவந்து சூடாவுது இல்லக்கா? அந்த மாதிரி. உனக்குக் காயமே இல்லாம உள்ள அப்படி ஆயிகினு கீது."

"அதுக்கும் எண்ணெய்க்கும் இன்னா சிஸ்டர்?"

"சில கொழுப்பு அதைக் கிளறி விடும். சிலது அடக்கும்னு சொல்றாங்க."

"எது கிளறும், எது அடக்கும்?"

தேவயானி பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள். "நல்லதா பாத்து வாங்குக்கா" என்றாள்.

பாக்கியமேரி பிறந்தது உத்திரமேரூர் ஏரிக்கு அந்தப் பக்கம், பிறத்தியார் நிலத்தில் நடவுக்குப் போன குடும்பத்தில். பதினெட்டு வயதுவரை அவளும் சேற்றில் நின்றாள். நெல் மண்டியில் மூட்டை தூக்கும் சின்னராசுவைக் கட்டிக்கொண்டு உத்திரமேரூருக்கு வந்த பிறகு, மண்டி ஆட்களை நம்பி வாணலி வைத்தாள். அது ஆச்சு இருபத்திரண்டு வருடம். ஆரம்பத்தில் அவள் எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டு, வாங்காமலே திரும்பினவர்கள் உண்டு. அவள் அடுப்பைச் சாலையோரத்துக்கு இழுத்துப் போட்டாள். தினமும் புது எண்ணெய்ப் பாக்கெட்டை எல்லோர் கண்ணெதிரிலும் வெட்டி ஊற்றினாள். நேற்றைய எண்ணெயில் இன்றைய பஜ்ஜி அவளிடம் கிடையாது. விசாரித்துவிட்டுப் போனவர்களின் பிள்ளைகள் இப்போது நின்று வாங்குகிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் காஜா மொய்தீன் மளிகைக்குப் போனாள்.

"பாய், உள் வீக்கத்துக்கு எந்த எண்ணெய் நல்லது?"

"நான் மளிகை விக்கிறேன் மேரிம்மா, மருந்து விக்கல" என்றவர், மனசு கேட்காமல் சூரியகாந்தியை எடுத்து வைத்தார். "இது லேசா கீது. பாமாயிலை விடு."

விட்டாள். ஒரு மாதம் போயிற்று. விரல்களில் மாற்றம் இல்லை. மறுபடி போனபோது பாய் தலையை ஆட்டினார்.

"சூரியகாந்திதான் கெடுதலாம். கடலெண்ணெய் எடு."

"போன மாசம் நீதான பாய் கொடுத்த?"

"போன மாசம் போன்ல ஒருத்தன் அப்படிச் சொன்னான். இந்த மாசம் வேற ஒருத்தன் வந்து இப்படிச் சொல்றான். ரெண்டு பேரும் கழுத்துல டாக்டர் குழாய் மாட்டிகினு கீறானுங்க. நான் யாரை நம்புறது?"

கடலை எண்ணெய்க்கும் விரல் அசையவில்லை. மூன்றாம் மாதம் செக்கு நல்லெண்ணெய்க்கு மாறினாள். வாணலி நுரைத்துப் பொங்கியது. பஜ்ஜியைக் கடித்த மண்டிக்காரர் ஒருவர், "இன்னா மேரி, பஜ்ஜிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினியா?" என்றார். அவள் சிரித்தாள். செங்கல்பட்டுக்கு அனுப்பினால் இந்த அடுப்பை யார் பார்ப்பது என்று நினைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்று மாதம் முடிந்து ரத்தம் பார்த்தார்கள். பதினெட்டாக இருந்தது இருபத்திரண்டு ஆகியிருந்தது.

"மூணு எண்ணெய் மாத்திட்டேன் சிஸ்டர். எப்படி ஏறும்?"

தேவயானிக்கும் புரியவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டு, இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், இல்லையென்றால் செங்கல்பட்டுதான் என்றார்.

அந்த வாரம் ஒருநாள் காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் தேவயானி சந்துக்குள் வந்தாள். மிளகாய் பஜ்ஜி தீர்ந்து, கடையை எடுத்து வைக்கும் நேரம். பாக்கியமேரி வாணலியில் ஆறிய எண்ணெயைத் துணியில் வடித்துத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்திருந்தது. பக்கத்தில் சின்னராசு அடுப்புக் கரியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இதை எங்கக்கா கொட்டுவ?"

"கொட்றதா? வூட்டுக்கு எடுத்துகினு போறேன்."

"வூட்டுக்கா?"

"குழம்பு, பொரியல், தோசை எல்லாம் இதுலதான். அடுத்தவங்க வாயில பழசை ஊத்துனா பாவம். நம்ம வாய்க்கு இன்னா?"

தேவயானி, பாக்கியமேரி எடுத்துக் கொடுத்திருந்த கடைசி வாழைக்காய் பஜ்ஜியைத் தின்னாமல் நின்றாள். "அப்ப நீ மாத்துன எண்ணெயெல்லாம்?"

"கடைக்கு மாத்துனேன். கடையில ஊத்துனாத்தான வூட்டுக்கு வரும்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. மூன்று மாதமாக அவள் மருந்து போலத் தேடி வாங்கியதை ஊர் தின்றிருந்தது. அது கொதித்துக் கொதித்து மிச்சமானதை அவள் தின்றிருந்தாள். என்ன எண்ணெய் சாப்பிடுகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் பாக்கெட்டில் இருந்த பெயரைச் சொன்னாள். பொய் சொல்லவில்லை. ஆனாலும் எங்கோ தப்பாகியிருந்தது.

"திரும்பத் திரும்பக் காய்ச்சுன எண்ணெய் கெடுதல்க்கா" என்றாள் தேவயானி.

சின்னராசு நிமிர்ந்தான். "சிஸ்டர், இதைத் துன்னுதான் நான் இன்னிக்கும் மூட்டை தூக்குறேன். எனக்கு ஏன் ஒண்ணும் வரல?"

"தெரியாதுண்ணா. இதனாலதான் அக்காவுக்கு வந்துச்சுன்னும் நான் சொல்ல மாட்டேன். வாதத்துக்கு ஆயிரம் காரணம் கீது. ஒரு மாசம் நிறுத்திப் பாருங்க."

நிறுத்தினார்கள். வீட்டுக்கென்று முதல் தடவையாகத் தனிப் பாக்கெட் வாங்கினாள். குழம்பு வெளிறிக் கிடந்தது. "இன்னா மேரி, ஆஸ்பத்திரி சோறு மாதிரி கீது" என்றான் சின்னராசு. அவளுக்கும் தொண்டையில் இறங்கவில்லை. தான் ருசி என்று நினைத்துக்கொண்டிருந்தது எதை என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

மாதக் கடைசியில் அளவு பதினான்கு. மோதிர விரல் ஏழு மணிக்கே மடங்கியது. சுண்டு விரல் மடங்கவில்லை.

"எண்ணெயை விட்டதாலயா சிஸ்டர்?"

"இருக்கலாம். மாத்திரையும் கூட்டினோம் இல்ல."

"எதுன்னு சொல்லு. மத்ததை விட்டுடறேன்."

"ரெண்டையும் விடாத. மாத்திரையும் போடு, பழைய எண்ணெயையும் தொடாத. செங்கல்பட்டு இப்ப வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு, அதைப் பாரு."

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. எதற்காக என்றுதான் தெரியவில்லை. வடித்த எண்ணெயை என்ன செய்வது என்று கேட்டாள். ஓட்டல்களில் பழைய எண்ணெய் எடுக்க ஒரு வேன் வருகிறது, டீசலோடு கலக்கக் கொண்டுபோகிறார்கள் என்றாள் தேவயானி.

செவ்வாய்க்கிழமை வேன் சந்து முனையில் நின்றது. தூக்குவாளியின் கனத்தை அவள் கை இன்னும் தாங்கவில்லை. சின்னராசுதான் தூக்கி, நீலக் கேனின் வாயில் கவிழ்த்தான். எண்ணெய் மெதுவாக இறங்கியது. வாளியின் விளிம்பில் நின்ற கடைசிச் சொட்டைப் பழக்கத்தில் விரலால் வழித்தவன், வாய்க்குக் கொண்டுபோய், அவளைப் பார்த்துவிட்டுக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

"இத்தினி வருசம் நாம வண்டிக்கு ஊத்துறதைத்தான் துன்னோமா மேரி?"

"தெரியலய்யா" என்றாள் அவள். வேன் கிளம்பிய பிறகும் அது போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.