மாமாக்கி இலைப் பூச்சியும் உலுலானியும்

உலுலானி மலையில் கள்ளத்தனமாய் ஆள் வைத்திருந்தாளாம். எந்த ஆள்? பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம். ஹவாயின் இந்த மொலோகாய்த் தீவில் ஒருவன் தும்மினால் அடுத்த பள்ளத்தாக்குக்குத் தெரியும். ஒரு முழு மனுசனை எங்கே ஒளித்து வைப்பாள்?

உலுலானி பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். சனிக்கிழமையானால் ஓடை வழியே மலை ஏறுவாள். எங்கே என்றால், "சும்மா சுத்திட்டு வரேன்" என்பாள். மீனுக்கோ இலைக்கோ போகிற எல்லோரும் இங்கே சொல்வது அதுதான். இடத்தைச் சொன்னால் அங்கிருப்பதன் காதில் விழும், ஓடிவிடும் என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. தான் பார்க்கப் போகிற பூச்சிக்கும் அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அது ஒரு குற்றமா?

ஆடுகள் தின்றது போக மேலே மாமாக்கி என்கிற காட்டுச்செடி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதன் இலைக்குள், இரண்டு தோலுக்கும் நடுவே, ஒரு புழு தின்றுகொண்டே நடக்கும். நடந்த வழி வெள்ளைக் கோடாக நிற்கும். வளர்ந்தால் அரிசியைவிடச் சின்ன அந்துப்பூச்சி. இந்தத் தீவுகளை விட்டால் அதற்கு வேறு வீடில்லை. புருஷன் கெயாவேயின் கிழிந்த மீன்வலையைக் கொண்டுபோய்ச் செடியைச் சுற்றிக் கட்டினாள். ஆடு வாராவாரம் பிய்க்கும்; அவளும் வாராவாரம் கட்டுவாள்.

கெயாவே வலையைக் காணோம் என்று தேடியதும் பக்கத்து வீட்டு பெர்னடெட் ஆன்ட்டி வேலியோரம் வந்து, "உன் வலை மலையேறிடுச்சாமே கெயாவே, அங்க என்ன மீனோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவில் படுத்தான். சனிக்கிழமை வாசலை மறித்தான்.

"எங்க போறே?"

கடலுக்குப் போகிறவன், கேட்கக்கூடாத கேள்வி என்று தெரிந்தவன். கேட்டால் பயணம் கெட்டது. அவள் பையை மூலையில் வைத்தாள். அந்த வாரம் போகவில்லை, அதற்கடுத்த வாரமும் போகவில்லை. இந்நேரம் ஆடு செடியை மொட்டையடித்திருக்கும் என்ற நினைப்பிலேயே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆம்பளைச் சட்டை ஏதாவது கிடைக்கும் என்று கெயாவே ஒருநாள் பையைக் கவிழ்த்தான். ஆட்டுமயிர் சிக்கிய வலைத்துண்டும் ஓர் இலையும் விழுந்தன. இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தான். வளைந்து வளைந்து போன கோட்டின் முனையில், புழு வெளியேறிய இடத்தில், ஊசிக்குத்து போல ஒரு பொத்தல். ஆட்டிடமிருந்து இதைக் காக்கத்தான் வலை மலையேறியது என்று புரிந்தது; இலையைப் பத்திரமாகப் பையிலேயே வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை அவள் பாத்திரம் கழுவும்போது பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். உள்ளே அவனுடைய நல்ல வலையில் வெட்டிய துண்டு. மன்னிப்பெல்லாம் அவன் வாயில் வராது.

"மேகம் இறங்குது உலு. என் மழைக்கோட்டப் போட்டுக்கோ."

"தொளதொளன்னு இருக்குமே."

"கைய நீட்டு."

கோட்டின் இரண்டு கையையும் அவனே மடித்துவிட்டான். எங்கே என்று கேட்கவில்லை. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.